பேசக்கூடாததைப் பேசும் கவிதைகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

(மும்பைத் தமிழ் வாசகர்கள் ஒரு கவிதைக் கூட்டத்துக்கு முன் எழுதிக்கொண்டவை. எழுதியவர்கள் இடப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

ஜூன் 2, காலை. செம்பூர்:

மராத்திக் கவிஞர் நாம்தேவ் தசால் 1972லேயே 'கோல்பிட்டா' தொகுப்புல எல்லாத்தையும் போட்டு உடைச்சாச்சு. நம்ம பெண் கவிஞர்கள் அதே வேலையை முப்பது வருஷம் கழிச்சு செஞ்சாங்க. உடம்பு, ரத்தம், சொல்லக்கூடாத வார்த்தை, படிக்கிறவனுக்கு ஒரு அதிர்ச்சி. அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு 'மும்பை - தமிழ் ஒப்பீடு'ன்னு தலைப்பு வேற. ரெண்டு மணி நேரம் எதை ஒப்பிடப் போறீங்க?

ஜூன் 2, இரவு. மாட்டுங்கா:

சொல்லக்கூடாத வார்த்தை எத்தனை என்று எண்ணினால் உங்கள் முடிவுதான் வரும். எண்ணாதீர்கள்.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்பு 34 என்கிறார். மாத்திரை, எழுத்து, அசை என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் நடுவில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று எட்டு வரிசையாக வரும். புதுக்கவிதைக்கு அசை பிரித்துப் பார்க்கும் வேலை இல்லை, சரி. இந்த எட்டும் எங்கேயும் போகவில்லை. யார் சொல்கிறார், யாரிடம், எங்கே நின்று, எதைச் சொல்லாமல் விடுகிறார்.

அதிலும் முன்னத்தைப் பாருங்கள். 'இவ்விடத்து இம்மொழி இவர்இவர்க்கு உரிய' என்று ஆரம்பிக்கும் சூத்திரம். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு இன்னாரிடம் உரியது என்று அறிந்து சொல்வது. தடை என்று நாம் சொல்வதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் என் கண்ணில் பட்டதில்லை. தடை பொருளில் இல்லை. பிரசவ வார்டில் தினமும் பேசும் உறுப்பைக் கவிதையில் பேசினால் கல்லெறிகிறார்கள். மாறியது இடமும் ஆளும்தான்.

ஆகவே ஒவ்வொரு கவிதையிலும் கேட்க வேண்டியது ஒன்று: முன்னத்தின் எந்தக் கண்ணி அறுபடுகிறது? சொல்பவரா, கேட்பவரா, இடமா? அப்படிப் பார்த்தால் தசாலும் நம் தமிழ்க் கவிஞர் சல்மாவும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

ஜூன் 3. தாராவி 90 அடி ரோடு:

அண்ணே, தொல்காப்பியத்த கொண்டாந்து கோல்பிட்டாவுல நிறுத்துறீகளே. பிள்ளைக சிரிக்கும்.

ஜூன் 3, இரவு. மாட்டுங்கா:

சிரிக்கட்டும். கோல்பிட்டா மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாட்டிபுராவை ஒட்டிய பேட்டை, அது களன். புத்தகத்துக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்துவிட்டார். களனைத் தலைப்பாகவே வைத்தவரைக் களனை விட்டுவிட்டு எப்படிப் படிப்பது?

'மந்தாகினி பாட்டீல்' கவிதையை எடுங்கள். தொடக்கத்திலேயே ஒரு படம்: பதினாறு வயதுப் பெண், கிழிந்த உடை, பிளந்த தொடை, பக்கத்தில் மூஞ்சியெல்லாம் ரத்தமாக ஒரு பன்றி. படர்க்கையில், ஓவியத்தைக் காட்டுவதுபோல். பிறகு 'மந்தா' என்று பெயர் சொல்லி அவளிடமே பேச ஆரம்பிக்கிறார். உன் கூந்தல், உன் உடை, உன் நகம், உன் மார்பு எல்லாம் என்னுடையவை போல உணர்கிறேன் என்கிறார். அதிர்ச்சி தரும் அடி முதல் வரிகளில் விழுந்துவிடுகிறது. அதன் பிறகு கவிதை போகும் திசை அதிர்ச்சி அல்ல, நெருக்கம்.

இப்போது சல்மாவின் 'ஒப்பந்தம்'. தொடக்கத்தில் அக்கா, அம்மா. படுக்கையறையில் எது தவறினாலும் குற்றம் உன்மேல்தான் என்று ஒருத்தி கோபமாகச் சொல்வதை இன்னொருத்தி நாசூக்காகச் சொல்கிறாள். பிறகு கணவன், இரவில் அவனுடைய முதல் கேள்வி. பிறகு ஒரு கணக்கு: கொஞ்சம் அன்பு கிடைக்க, உன் குழந்தைக்குத் தாயாக என் பொறுப்பைச் செய்ய, வெளியுலகிலிருந்து நாப்கினும் கருத்தடைச் சாதனமும் வந்து சேர, முடிந்தால் உன்மேல் கொஞ்சம் அதிகாரம் செய்ய. மளிகைச் சீட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்று. நீங்கள் சொல்லும் 'அந்த வார்த்தை' கடைசியில்தான் வருகிறது, எல்லாம் தெரிந்தே திறக்கிறது என்று.

ஒன்றில் அடி தலையில், இன்னொன்றில் வாலில். ஒன்றில் ஆண் தான் அல்லாத உடம்பைத் தன்னுடையதாக உணர்கிறான். இன்னொன்றில் பெண் தன் உடம்பைத் தன்னுடையதல்லாத பண்டமாக விலைபேசுகிறாள். திசையே எதிர்.

ஜூன் 4. டோம்பிவிலி:

'ஒப்பந்தம்' கடைசி வரி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டா சுத்துது. அதைப் பாத்துட்டு முடிவு கட்டுறவங்கதான் பாதிப் பேர். கூட்டத்துல கடைசி வரியைப் பேப்பரால மறைச்சு வச்சு முதல்ல படிக்கச் சொல்லுங்க. நாப்கின் வரி வரும்போதே ஆளுங்க நெளிவாங்க. அப்புறம் பேப்பரை எடுங்க.

ஜூன் 4, இரவு. மாட்டுங்கா:

நல்ல யோசனை, அப்படியே செய்வோம். தசாலில் இது செல்லாது என்பதே ஒரு ஒப்பீடு. மந்தாகினியின் எந்த வரியை மறைத்தாலும் மிச்சம் சுடும்.

கடைசி வரியை வெட்டிப் பரப்புவதில் என்ன கெடுகிறது என்றால் எச்சம் கெடுகிறது. அந்தப் பட்டியலில் ஆசை என்ற ஒன்றே இல்லை. அவளுக்கு வேண்டியது எல்லாம் வரிசையாக இருக்கிறது, அது மட்டும் இல்லை. கவிதை வாய்திறந்து சொல்லாதது அதுதான், பட்டியல் நீளமாக இருப்பதே அந்த ஓட்டையைக் காட்டத்தான். கடைசி வரி மட்டும் கையில் இருந்தால் அது ஆசைக் கவிதை மாதிரிகூடத் தெரியும். நேர் தலைகீழ்.

ஜூன் 5. அணுசக்தி நகர்:

பெண் தன் உடலைச் சொல்வது நமக்குப் புதுசா என்ன? குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார் சொல்லிவிட்டார். ஆண்டாள் சொல்லிவிட்டாள். எதற்கு 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்புக்கு அவ்வளவு ரகளை?

ஜூன் 5, மதியம். மாட்டுங்கா:

கேட்போரைப் பாருங்கள். வெள்ளிவீதியார் கவிதையில் கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் தரையில் கொட்டிப் போனதுபோல என் அழகு எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் பசலை தின்கிறது என்கிறாள் தலைவி. உடம்பைப் பெயர் சொல்லித்தான் பேசுகிறாள். பேசுவது தோழியிடம். தன் வேட்கையைத் தலைவன் முன்னால் சொல்வது தலைவிக்கு இல்லை என்று தொல்காப்பியக் களவியலில் விதியே இருக்கிறது. தோழி என்ற வாசல் வழியாகத்தான் எல்லாம் வெளியே வரும்.

ஆண்டாள்: நாச்சியார் திருமொழி 13ஆம் திருமொழி, எட்டாம் பாட்டு. பயனில்லாத கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிவேன். அங்கேயும் அந்தப் பதிகம் முழுக்கப் பேச்சு சுற்றியிருக்கும் வீட்டுப் பெண்களிடம். ஊர் என்ன செய்தது? திருப்பாவை 30ஐ மார்கழிக்கு வைத்துக்கொண்டது, வாரணமாயிரத்தைக் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டது. நாச்சியார் திருமொழியின் 143 பாட்டில் இந்த எட்டாம் பாட்டை மைக்கில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? தடை செய்யவில்லை, கேட்காமல் இருந்துகொண்டார்கள்.

சல்மா 'நீ' என்று கணவனையே கூப்பிட்டுப் பேசுகிறார். தோழி இல்லை. தொல்காப்பியர் மூடிய அதே கதவு. அதிலும் சொல்வது வேட்கைகூட இல்லை, வரவு செலவு.

ஜூன் 5, இரவு. டோம்பிவிலி:

'நீ'ன்னு சொன்னா அவன் கேக்கிறான்னு அர்த்தமா? அந்தக் கவிதையில அவன் ஒரு கேள்வி கேட்டுட்டு இருட்டுக்குள்ள போயிடறான். இவ மனசுக்குள்ளதான் பேசுறா. கூட்டத்துக்கு நீங்க போடப்போற தாள்ல, கேட்போர் கட்டத்துல கணவன்னு எழுதினா தப்பு.

ஜூன் 6. மாட்டுங்கா:

இதை ராத்திரி முழுக்க அசைபோட்டேன். டோம்பிவிலி சொல்வதில் பாதி ஏற்கிறேன். அவன் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் பேசுவது என்றால் அக்காவும் அம்மாவும் எதற்கு முதலில் வருகிறார்கள்? குற்றச்சாட்டு அவர்களிடமிருந்து வருகிறது, பதில் அவனைப் பார்த்துப் போகிறது, இருவர் காதிலும் விழவில்லை. காதில் விழுவது நமக்கு.

சங்கப் பாட்டில் சிறைப்புறம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பான், தலைவி தோழியிடம் பேசுவாள், பேச்சு அவனுக்காக. இங்கே ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். பேச்சு அவனைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது ஊர். ஊருக்குக் கோபம் வந்தது ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொண்டதால் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

கேட்போர் கட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: யாரை விளிக்கிறது, யார் காதில் விழுகிறது. குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். சதுப்பு நிலக் குமிழி என்று தொடங்குகிறது, வளர்வதைக் காத்திருந்து பார்க்கும் வியப்பு. அவை யாரோடும் பேசுவதில்லை, அவளோடு மட்டும் பாடுகின்றன. விளிப்பதற்கு ஆளே இல்லாத கவிதை. ஆண் வாசகன் அங்கே அழைக்கப்படவே இல்லை. 2002இல் புத்தகத்தின் பெயரைப் பார்த்துக் கொதித்தவர்கள் உள்ளே போயிருந்தால் தங்களை மயக்க ஒரு வரியும் இல்லை என்று ஏமாந்திருப்பார்கள்.

ஜூன் 6, இரவு. தாராவி 90 அடி ரோடு:

இப்ப அந்தப் புத்தகத்துப் பேர முகநூல்ல போட நடுவுல ஒரு நட்சத்திரம் வைக்கிறாக. மு*லைகள். அது எந்த உறுப்புண்ணே? எச்சமா?

ஜூன் 6, இரவு. மாட்டுங்கா:

அது இயந்திரத்துக்குச் செலுத்தும் கப்பம். தயவுசெய்து கூட்டத்துத் தாளில் நட்சத்திரம் வேண்டாம்.

ஜூன் 8. செம்பூர்:

சரி, சல்மா வேற தசால் வேறன்னே வச்சுக்குவோம். மும்பைல இங்கிலீஷ்ல எழுதினவங்க? அவங்களுக்கு என்ன தடை, யார் தடுத்தா?

ஜூன் 8, இரவு. மாட்டுங்கா:

யூனிஸ் டிசூசா. செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர், 'ஃபிக்ஸ்' தொகுப்பு 1979. அதில் 'கேத்தலிக் மதர்'. ஒரு குடும்பப் படம். அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார், ஏழு வருஷத்தில் ஏழு குழந்தை, எல்லாம் தேவ கிருபை என்கிறார். திருச்சபையின் தூண் என்கிறார் பங்குச் சாமியார். அருமையான கத்தோலிக்கக் குடும்பம் என்கிறார் மதர் சுப்பீரியர். கடைசியில், தூணின் மனைவி ஒன்றும் சொல்வதில்லை.

'ஒப்பந்தம்' பக்கத்தில் இதை வைத்தால் எனக்கு இரண்டும் பிடிக்கும். பொருள் ஒன்றே: கல்யாணக் கட்டில், பிள்ளைப்பேறு, யார் முடிவு. அங்கே மனைவி எல்லாவற்றையும் சொல்கிறாள், இங்கே தலைப்பில் இருப்பவளைத் தவிர எல்லாரும் பேசுகிறார்கள். உடல் பற்றி ஒரு சொல் கிடையாது. வாய்விட்டுப் படித்தால் எந்தப் பள்ளி மேடையிலும் தப்பித்துக்கொள்ளும், பாதிப் பேர் குடும்பப் பாட்டு என்று கைதட்டுவார்கள். பச்சையாகச் சொன்னால்தான் துணிச்சல் என்று நினைப்பவர்கள் இந்த ஜோடியில் திணறுவார்கள்.

இன்னொன்று 'டிசூசா பிரபு'. மூதாதை ஒரு பிராமண பிரபுவாக இருந்திருக்கலாம், மதம் மாறியும் சாதியை விடாமல் இரண்டு பக்கமும் லாபம் பார்த்தவன், அவன் சிரிப்பு காதில் விழுகிறது, ஆனால் அந்தப் பெயரைத் தோண்டி எடுக்க மாட்டேன் என்கிறார். பெற்றோருக்கு ஆண்பிள்ளை வேண்டியிருந்தது, அதற்குத் தகுதிபெறத் தன்னால் ஆனதைச் செய்ததாகச் சொல்லி, உடையில் பட்ட ரத்தக் கறையை மறைத்ததையும் ஒரே மூச்சில் சொல்கிறார். 1979இல்.

அதற்கு ஜோடி தமிழ்த் தலித் கவிஞர் சுகிர்தராணியின் ஒரு கவிதை. செத்த மாட்டைத் தோலுரிக்கும்போது காக்கை விரட்டியது, ஊர்ச்சோற்றுக்குக் காத்திருந்து வாங்கித் தின்றுவிட்டுச் சுடுசோறு தின்றேன் என்று பெருமையடித்தது, பறையைத் தோளில் மாட்டி வரும் அப்பாவைத் தெருவில் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அப்பா தொழிலைச் சொல்லாததற்கு வாத்தியாரிடம் அடி வாங்கியது. எல்லாம் மறைத்தவை. இப்போது யாராவது கேட்டால் பறச்சி என்று நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிகிறது. ஒருத்தி மேல்சாதிப் பெயரைத் தோண்டி எடுக்க மறுக்கிறாள், இன்னொருத்தி கீழே தள்ளப்பட்ட பெயரை வாய்விட்டுச் சொல்கிறாள். இரண்டும் சாதித் தடையைத்தான் தொடுகின்றன. 'ஒப்பந்தம்' போலவே இதிலும் பட்டியல் முதலில், அடி கடைசியில். உடலையும் சாதியையும் தனித்தனித் தலைப்பாகப் பிரித்துப் பேசும் கட்டுரைகள் இந்தக் கட்டமைப்பு ஒற்றுமையைத் தவறவிடுகின்றன.

ஜூன் 9. டோம்பிவிலி:

சுகிர்தராணியின் 'கைம்மாறு', 'என் உடல்' ரெண்டையும் டெல்லிப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட்ல ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து எடுத்தாங்க. கூடவே தலித் எழுத்தாளர் பாமாவோட எழுத்து, வங்க எழுத்தாளர் மஹாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதை. 'கைம்மாறு' மலம் அள்ளும் வேலையைப் பத்தினது. அதுல எந்த உறுப்பும் இல்லை. இதையும் சொல்லுங்க.

ஜூன் 9. மாட்டுங்கா:

களன் என்ற கட்டத்தில் இதை எழுதலாம். புத்தகக் கடையில் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை, வகுப்பறைக்கு வந்தால்தான் கை நீள்கிறது. 'இவ்விடத்து'.

ஜூன் 10. சயான்:

கூட்டத் தாளை இணையத்துல போடுறதா இருந்தா சட்டத்தையும் ஒரு பார்வை பாருங்க. ஆபாசப் படைப்பு பத்தின பழைய இந்திய தண்டனைச் சட்டம் 292 இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. முதல் தடவை தண்டனை 2 வருஷம் வரை, அபராதம் 5,000 வரை. இலக்கியம், கலை, கல்வி நோக்கத்துக்குப் பொது நன்மைன்னு விலக்கு அதிலேயே இருக்கு. இணையத்துல போட்டா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67 தனியா வரும்: 3 வருஷம், 5 லட்சம் வரை.

மும்பைல தெரிஞ்சிருக்க வேண்டிய வழக்கு வசந்த் தத்தாத்ரேய குர்ஜரோட 'காந்தி மலா பேட்டலா'. 1984 கவிதை. 1994ல ஒரு வங்கி ஊழியர் சங்கத்தோட உள்சுற்று இதழ்ல மறுபடி வந்தப்ப வழக்காச்சு. 2015 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொன்னது: மன்னிப்புக் கேட்ட பதிப்பாளருக்கு விடுதலை, கவிஞர் விசாரணையைச் சந்திக்கணும். வரலாற்றுப் பெருமகனோட பெயரை வச்சு, அவர் வாயில அந்த மாதிரிச் சொற்களைப் போட்டு எழுதினா சமகாலச் சமூக அளவுகோல் இன்னும் கடுமையா பொருந்தும்னாங்க.

ஜூன் 10, இரவு. மாட்டுங்கா:

நீதிமன்றமும் கூற்றுக் கேள்விதான் கேட்டிருக்கிறது, கவனித்தீர்களா? அதே சொற்கள் வேறு யார் வாயில் வைக்கப்பட்டாலும் அளவுகோல் வேறாக இருந்திருக்கும் என்பதுதானே அதன் பொருள். தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. கவிதையில் பெயர் ஒரு பாத்திரம், பாத்திரத்தின் வாயை உண்மை மனிதரின் வாயாக எடுத்துக்கொண்டால் நாடகமே எழுத முடியாது. இதே குழப்பத்தைத்தான் வாசகர்கள் சல்மாவிடம் செய்கிறார்கள், 'இது உங்க வீட்டுக் கதையா' என்று. கூற்று தலைவியுடையது என்ற ஏற்பாட்டை இரண்டாயிரம் வருஷமாக வைத்திருந்தவர்கள் புதுக்கவிதைக்கு மட்டும் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 12. மாட்டுங்கா:

கூட்ட ஏற்பாடு. ஒரு ஜோடிக்கு 40 நிமிடம், மூன்று ஜோடி (கேத்தலிக் மதர் - ஒப்பந்தம், டிசூசா பிரபு - சுகிர்தராணி, மந்தாகினி - முலைகள்), 120 நிமிடம். செம்பூர் கேட்ட இரண்டு மணி நேரம் இதுதான். ஒவ்வொரு கவிதையையும் சத்தமாக ஒரு முறை படிக்க ஐந்தைந்து நிமிடம், பேசாமல் கட்டம் நிரப்பப் பத்து நிமிடம், மிச்சம் இருபதும் பேச்சு. நிரப்பாமல் பேசவிட்டால் முதலில் வாய் திறப்பவர் சொன்னதையே எல்லாரும் சுற்றி வருவார்கள்.

தாளில் கவிஞர் பெயர் வேண்டாம், பின்பக்கம் போடுங்கள். பெயர் தெரிந்தால் 'இவர் எப்பவுமே இப்படித்தான்' என்று ஆரம்பித்துவிடும். கட்டங்கள்: கூற்று, விளிப்பு, காதில் விழுபவர், களன், அடி விழும் வரி எண், எச்சம். மெய்ப்பாட்டை, அதாவது உணர்ச்சி வெளிப்பாட்டை, விட்டுவிட்டேன். அதைக் கொடுத்தால் எல்லாரும் 'கோபம்' என்று எழுதிவிட்டு டீக்குப் போவார்கள்.

தசாலை திலீப் சித்ரேயின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் படித்துத் தமிழ் மூலத்தோடு மோதவிட வேண்டாம். அப்படிச் செய்தால் பாதி சித்ரேயை ஒப்பிடுகிறோம். தேவநாகரி மூலமும் பக்கத்தில் இருக்கட்டும். அதற்காகப் பத்தாவது வரை மராத்தி படித்த உங்கள் பிள்ளையிடம் மந்தாகினியைக் கொடுத்து 'இதுக்கு என்னடா அர்த்தம்' என்று கேட்காதீர்கள். அங்கே முன்னம் இரண்டு பக்கமும் கெடும்.

யார் படிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாமா என்று யோசிக்கிறேன். 'ஒப்பந்தம்' ஆண் குரலில் வந்தால் 'நீ' யார் என்று தடுமாறும், அந்தத் தடுமாற்றமும் பேச உதவும்.

ஜூன் 12, இரவு. டோம்பிவிலி:

சீட்டு வேண்டாம். முதல்ல ஒரு பெண் படிக்கட்டும், அப்புறம் ஒரு ஆண் அதையே படிக்கட்டும். ஒரே தாளை ரெண்டு குரல்ல கேட்டாத்தான் நீங்க சொல்ற வித்தியாசம் காதுக்கு வரும். அஞ்சு நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான்.

ஜூன் 13. மாட்டுங்கா:

சரி. அந்த ஐந்து நிமிடத்தைப் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

ஜூன் 13. தாராவி 90 அடி ரோடு:

திருநங்கை கவிதை ஒண்ணுகூட இல்லையே. கல்கி சுப்ரமணியத்தோட 'குறி அறுத்தேன்' இருக்கு. தலைப்புலயே கூற்று வந்துருது. நான்னு தனியா சொல்லவே வேண்டியதில்ல, வினைமுற்றே சொல்லிருது.

ஜூன் 14. மாட்டுங்கா:

சேர்க்க ஆசைதான், ஜோடி கிடைக்கவில்லை. ஜோடி இல்லாமல் நடுவில் நிறுத்தினால் காட்சிப்பொருள் ஆகிவிடும். மராத்தியிலோ இந்தியிலோ திருநங்கை ஒருவர் தன் கூற்றில் எழுதிய கவிதை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், ஒரு ஜோடியை எடுத்துவிட்டு அதை வைப்போம். ஆண் கவிஞர் ஹிஜ்ராவைப் பற்றி எழுதியது வேண்டாம், அது மந்தாகினி ஜோடிக்கே போய்ச் சேரும்.

ஜூன் 15. செம்பூர்:

முன்னம் முன்னம்னு சொல்லி எல்லாத்தையும் அதுல அடைக்கிறீங்க. கேடுகெட்ட கவிதையும் முன்னத்தை மீறும். அப்ப நல்லது எது, மட்டமானது எதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?

ஜூன் 15, இரவு. மாட்டுங்கா:

முன்னத்தை வைத்துப் பிரிக்க முடியாது, எச்சத்தை வைத்துப் பிரிக்கலாம். மட்டமான கவிதை சொல்லக்கூடாததைச் சொன்னதோடு முடிந்துவிடும், எச்சக் கட்டம் காலியாக இருக்கும். 'ஒப்பந்த'த்துக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது. இது எல்லாக் கவிதைக்கும் செல்லுமா என்றால் சந்தேகம்தான். தசாலிடம் எச்சம் குறைவு, கொட்டுவதுதான் அவர் வழி, அவரை மட்டமென்று எப்படிச் சொல்வது? கூட்டத்தில் இதையே எனக்கு எதிராகத் தூக்குங்கள்.

ஜூன் 16. டோம்பிவிலி:

பிரதி 30 எடுத்தாச்சு. வரிசை எப்படி, மந்தாகினி - முலைகள் ஜோடியை முதல்ல வைக்கவா?

ஜூன் 16. மாட்டுங்கா:

வேண்டாம், கடைசியில் வையுங்கள். மந்தாகினி முதலில் வந்தால் மற்ற ஐந்தும் சாதுவாகத் தெரியும். 'கேத்தலிக் மத'ரில் ஆரம்பியுங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று ஜனங்கள் நினைக்கும்போது 'ஒப்பந்தம்' தாளைக் கொடுங்கள். கடைசி வரியை மறைக்கும் துண்டு ஒட்டாத காகிதமாக இருக்கட்டும், பசை டேப் அச்சைப் பிய்த்துவிடும்.